ஹோமாகமவுக்கு அப்பால் போன அலுவலகம்

எங்கள் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில் இருந்த காலத்தில், நான் வேலைக்குப் போய் வருவதைப் பற்றி யாரிடமும் கதைத்ததில்லை. கதைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கி, ஒழுங்கையால் நடந்து காலி வீதிக்கு வந்தால் முதலில் வருகிற பஸ் என்னுடைய பஸ். கல்கிசையிலிருந்து வந்தாலும் சரி, மொரட்டுவையிலிருந்து வந்தாலும் சரி, எல்லாம் கொள்ளுப்பிட்டியைத் தாண்டித்தான் போகும். மாலையில் திரும்பி வரும்போது சந்தையில் இறங்கி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர இன்னும் வெளிச்சம் இருக்கும்.

எங்களுடையது உடுப்பு ஏற்றுமதி செய்யும் கொம்பனி. தொழிற்சாலை ஆரம்பத்திலிருந்தே ஹோமாகமவுக்கு அப்பால், இறப்பர்த் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவில் இருந்தது. துறைமுகமும் வங்கிகளும் கொழும்பில் என்பதால் அலுவலகத்தை மட்டும் நகரத்தில் வைத்திருந்தார்கள். நான் ஷிப்பிங் பிரிவில் வேலை செய்தேன். கொண்டெய்னர் கப்பலில் ஏறுவதற்கு வேண்டிய கடதாசி வேலைகள் முழுக்க என் மேசையில்தான். காய்ச்சல் வருத்தத்துக்குத் தவிர லீவு எடுக்காமல், பல வருடங்களாக அதைச் செய்துவந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் பெரிய மெனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டினார். வாடகைக் கட்டடத்தை விட்டுவிட்டு, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு அலுவலகம் போகிறது என்றார். அங்கே காற்று நல்லது, மரங்கள் இருக்கின்றன, பெரிய கன்டீன் இருக்கிறது. "காலையில எல்லாரும் கொழும்புக்குள்ள வருவாங்க. நீங்க கொழும்ப விட்டு வெளிய போவீங்க. ரோட் வெறுமையா இருக்கும்" என்று சிரித்தார். அவருக்கு ட்ரைவரோடு ஒரு கார் இருந்தது.

என் பக்கத்து மேசையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற ஒரு தங்கச்சி இருந்தாள். முஸ்லிம் பிள்ளை. என்னைவிடப் பத்து வயது இளையவள். இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குக் கிட்டவே பள்ளிக்கூடம் போனார்கள். கேக்கை வாயில் வைத்துக்கொண்டு என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள்: "ரோட் வெறுமையாத்தான் ஈக்கும் அக்கா. பஸ்ஸும் வெறுமையாத்தான் ஈக்கும். வெறும் பஸ்ஸ எவன் ஓட்டுவான்?"

முதல் கிழமையே அவள் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது.

வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைச் சந்திக்கு ஒரு பஸ். அங்கிருந்து களுபோவில ஊடாக நுகேகொடைக்கு இன்னொன்று. களுபோவில ஆஸ்பத்திரி வாசலில் கிளினிக்குக்கு வந்தவர்கள் இறங்கி, ஓட்டோக்கள் குறுக்கே திரும்பி, பஸ் அசையாமல் நிற்கும். நுகேகொடையில் ஹைலெவல் வீதிக்கு வந்து நின்றால் எதிர்ப்பக்கத்தில் கொழும்புக்குப் போகிற பஸ்கள் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வரும், மிதிபலகையில் ஆட்கள் தொங்குவார்கள். எங்கள் பக்கத்தில் ஹோமாகம பஸ் காலியாக நிற்கும். நிற்கும் என்றால் நிற்கும்தான். ட்ரைவர் இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். கொன்டக்டர் வாசலில் நின்று "ஹோமாகம, ஹோமாகம" என்று கத்துவார். நான் ஜன்னலோரச் சீற்றில் இருந்துகொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

"எப்ப எடுப்பீங்க?" என்று சிங்களத்தில் கேட்பேன்.

"தவ டிகாய் மிஸ்." இன்னும் கொஞ்சம்தானாம்.

புறப்பட்ட பிறகும் பஸ் நடக்கிற வேகத்தில்தான் போகும். தூரத்தில் ஒருவர் ஒழுங்கைக்குள்ளிருந்து கையைக் காட்டினால் பின்னால் எடுத்துப் போய் ஏற்றும். ஒரு நாள் அந்தக் கொன்டக்டரோடு நான் சண்டை பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. "ஆள் இல்லாம ஓடினா எங்களுக்கு டீசலுக்கும் காணாது மிஸ்" என்றார். அது நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஹோமாகமவில் இறங்கி ஓட்டோ ஒன்றைப் பிடித்துப் போய்க் கைரேகை மெஷினில் விரலை வைத்தால் பிந்திவிட்டது என்று சிவப்பாகக் காட்டும். சில நாள் பிந்தினால் அரை நாள் லீவு போகும். பல வருடமாக எடுக்காமல் சேர்த்து வைத்திருந்த லீவெல்லாம் நுகேகொடைத் தரிப்பிடத்தில் கரைந்துபோனது.

காலி வீதியில் ஒரு ஃபார்மசியில் வேலை செய்கிற என் கணவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்து வந்து போகிறவர். இரவு நான் காலை நீட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து, "நீர் ஏன் இன்னும் அங்க போறீர்? விடுமன்" என்பார்.

"விட்டிட்டு?"

"இஞ்ச பக்கத்தில ஒண்டும் கிடைக்காதே?"

"இந்த வயதில என்ர வேலை தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு ஆர் கேப்பினம்? எல்லாரும் சின்னப் பிள்ளையளைத்தான் கேக்கினம்."

அவர் தட்டைக் கழுவப் போய்விடுவார். அவருடைய வேலை இருக்கிற இடத்துக்கு நடந்து போகலாம் என்பதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் வந்த நாட்களும் உண்டு.

மழை நாள் ஒன்றில்தான் அந்த பஸ்ஸைக் கண்டேன். நுகேகொடையில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் கொம்பனியின் பெயர்ப் பலகையை முன் கண்ணாடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய பஸ் என்னைக் கடந்து ஹோமாகமப் பக்கம் போனது. உள்ளே ட்ரைவரைத் தவிர ஒருவரும் இல்லை. நான் பிழையாகப் பார்த்துவிட்டேனோ என்று நினைத்தேன். அடுத்த நாள் கொஞ்சம் முந்தி வந்து காத்திருந்தேன். திரும்பவும் அதே பஸ், அதே மாதிரி வெறுமையாக. வீதியில் இறங்கிக் கையைக் காட்டி மறித்தேன்.

ட்ரைவர் ஒரு சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். கொன்ட்ராக்ட்காரரின் பஸ்ஸை ஓட்டுகிறவர். களுபோவிலயில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிறார். பஸ்ஸையும் இரவில் அங்கேயே நிறுத்துகிறார். காலையில் வெறும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய், ஹோமாகம தாண்டியதும் கிராமம் கிராமமாகச் சுற்றி, தையல் மெஷின் ஓட்டுகிற பெண்களை ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிறார். அப்படி எத்தனை வருடமாக ஓடுகிறார் என்று அவருக்கே நினைவில்லை.

"அப்ப என்னையும் ஏத்துங்களேன். நான் உங்கட ஒபிஸ்தானே" என்று அடையாள அட்டையைக் காட்டினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ். ஒபிஸில ஒரு சொல் சொல்லச் சொல்லுங்க. சொல்லாம ஏத்தினா என் வேலை போயிடும்."

அன்று நான் பிந்தி வந்தும் சந்தோஷமாக இருந்தேன். ஒரு சொல்தானே. நானும் கொட்டாஞ்சேனைத் தங்கச்சியும் மனிதவளப் பிரிவு மெனேஜரிடம் போனோம். அவரும் காரில் வருகிறவர். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனையை மூடி வைத்தார்.

"அது மெஷின் ஒபரேட்டர்மாருக்கான பஸ்."

"ஹோமாகம வரைக்கும் அதில ஒருத்தரும் இல்ல சேர். வெறுமையா வருது" என்றேன்.

"ஸ்டாஃப் அதில வாறது முறையில்ல."

"எங்களுக்கு அதில ஒரு குறையும் இல்ல சேர்."

"இன்சூரன்ஸ் பிரச்சினை இருக்கு."

"அவங்களுக்கு இருக்கிற இன்சூரன்ஸ் எங்களுக்கும் போதும்."

"இண்டைக்கு நீங்க ரெண்டு பேர் கேப்பீங்க. நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் சேர். அவ்வளவு சீற்றும் சும்மாதானே வருது" என்றாள் தங்கச்சி.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஈமெயில் போடுங்கள், பார்ப்போம் என்றார். போட்டேன். பரிசீலிக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அடுத்த மாதம் நினைவூட்டினேன், அதே பதில். அதற்கடுத்த மாதமும் அதேதான். ஒவ்வொரு காலையும் அந்த பஸ் நுகேகொடையில் எங்களைக் கடந்து போனது. ட்ரைவர் எங்களைக் கண்டால் ஹோர்னை மெல்ல ஒரு தடவை அடித்துவிட்டுப் போவார். மரியாதைக்குத்தான். எனக்கோ அதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

தங்கச்சிக்கு என்னைவிடக் கஷ்டம். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, அங்கே ஹைலெவல் வீதி பஸ் எடுத்து, நுகேகொடையில் என்னோடு சேர்வாள். ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்குக் கோல் வந்தது. சின்ன மகளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். ஹோமாகமவில் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். ஆள் சேரும் வரைக்கும் பஸ் எடுக்கவில்லை. அங்கிருந்து எனக்குக் கோல் எடுத்து அழுதாள். ஓட்டோவில் போ என்று சொன்னேன். அவ்வளவு தூரத்துக்கு ஒருவரும் வரமாட்டார்களாம். கடைசியில் அவளுடைய மாமா போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தார். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு, வாசல் பூட்டி, காவல்காரர் தன் கதிரையில் பிள்ளையை இருத்தி வைத்திருந்தாராம்.

அடுத்த கிழமை அவள் விலகல் கடிதத்தோடு வந்தாள். கன்டீனில் சாப்பாட்டைத் திறக்காமல் இருந்தாள்.

"புள்ள கேக்குது அக்கா, உம்மா நீங்க எங்க வேல செய்றன்டு. நான் சொன்ன, பஸ்ஸிலன்டு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவள் என்னைவிடத் திறமையானவள். ஒரு பிழையும் இல்லாமல் கடதாசி முடிக்கிறவள். அவள் போவதை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் நான் பெரிய மெனேஜரின் அறைக்கு நேரே போனேன். முன்கூட்டிக் கேட்கவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இவ்வளவு சின்ன விஷயமா?" என்று ஃபோனை எடுத்து மனிதவளப் பிரிவோடு கதைத்தார். ஃபோனை வைத்துவிட்டு, "நாளையிலிருந்து ஏறுங்க" என்றார். முடிந்தது. மாதக்கணக்காகப் பரிசீலித்த விஷயம், அவருடைய தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, கழுவும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போன கிழமையே நான் இவரிடம் வந்திருந்தால் தங்கச்சி கடிதம் கொடுத்திருக்கமாட்டாளே என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை. இரவு அவளுக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். வேண்டாம் அக்கா, இனி ஏலாது என்றுவிட்டாள்.

அனுமதி காலைக்கு மட்டும்தான். தொழிற்சாலை அலுவலகத்துக்கு முந்தியே விடுவதால், பின்னேரம் அந்த பஸ்ஸில் போக நான் முந்தி இறங்கவேண்டும். காலையில் நான் முந்தி வருவேனே, அதைக் கழிக்கலாமே என்று மனிதவளப் பிரிவு மெனேஜரைக் கேட்டேன். முந்தி வருவது நல்லது, முந்திப் போனால் மற்றவர்களுக்குக் கெட்ட பழக்கம் என்றார்.

ஆனாலும் காலை மாறியது. முந்தி மாதிரியே விடியுமுன்தான் எழும்பவேண்டியிருந்தது. ஆனால் ஏறி இருந்தால் பஸ் ஓடும். ஓடுகிற பஸ்ஸில் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

முதல் நாள் ஹோமாகம தாண்டி ஒரு கிராமத்துச் சந்தியில் பெண்கள் ஏறினார்கள். என்னைக் கண்டதும் கதை நின்றது. ஒபிஸிலிருந்து யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். என் வயதுள்ள ஒரு பெண் என் சீற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், இது என் இடம். ஜன்னல் இல்லாட்டி எனக்குத் தலை சுத்தும்."

எழும்பி இடம் விட்டேன். அவள் எனக்குப் பக்கத்துச் சீற்றைக் காட்டினாள். அன்றிலிருந்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான். நான் அவளைச் சிங்கள முறையில், அக்கா என்பதற்கு அக்கே என்றேன். அவள் கடைசி வரைக்கும் மிஸ் என்பதை விடவில்லை. சிங்களத்தில்தான் கதைத்தோம். என் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான சிங்களம். அதை அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் கொலர் தைக்கிற பிரிவில் வேலை செய்தாள்.

"மிஸ் எங்கேயிருந்து வாறீங்க?" என்று கேட்டாள்.

"வெள்ளவத்தை."

அவள் பின்னால் திரும்பி மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு என்னிடம், "என் மகள் வேலை செய்யிறது வெள்ளவத்தையில" என்றாள். கணக்கியல் படித்த பிள்ளை. காலி வீதியில் ஒரு இறக்குமதிக் கொம்பனியில் வேலை. எந்த இடம் என்று விசாரித்தால், எங்கள் ஒழுங்கையிலிருந்து நாலைந்து கட்டடம் தள்ளி. விடியுமுன் முதல் பஸ் பிடித்து, நின்றபடி நுகேகொடைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் போகிறாள். நான் களுபோவிலயைக் கடக்கும் நேரத்தில் அவள் எனக்கு எதிரே எங்கேயோ தொங்கிக்கொண்டு வருகிறாள்.

"ரெண்டு பேரும் வேலைய மாத்திக்கொள்ளுங்களேன்" என்று பின் சீற்றிலிருந்து ஒருத்தி சொன்னாள். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அது எனக்குள் கிடந்து உறுத்தியது.

அந்தக் கிராமங்களில் காலையில் பஸ் தரிப்பிடங்களைப் பார்த்தால், கொழும்புப் பக்கம் போகிற தரிப்பிடத்தில்தான் இளம் பிள்ளைகள் நிற்பார்கள், நல்ல சப்பாத்துப் போட்டு, லப்டொப் பையோடு. எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் நாற்பது தாண்டிய பெண்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். படித்த பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை. அலுவலக வேலை அவர்களுடைய வயலுக்குப் பக்கத்திலேயே வந்த பிறகும், அதைச் செய்ய நாங்கள் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பெரிய மெனேஜர் கேக் வெட்டியபோது இதை ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ட்ரைவர், நான் ஏறியதும் சொன்னார்: "திங்கக்கிழமையிலிருந்து வேற பஸ் மிஸ். கொன்ட்ராக்ட் மாறிட்டுது."

புது கொன்ட்ராக்ட்காரர் தொழிற்சாலைக்குக் கிட்டவே இருக்கிறவர். அவருடைய பஸ் அங்கேயே நிற்கும், அங்கிருந்தே கிராமங்களுக்குப் போகும். நுகேகொடைப் பக்கம் வராது. ட்ரைவருக்குக் களுபோவிலயில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஓட்டக் கிடைத்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

மனிதவளப் பிரிவில் கேட்டேன். "பஸ் உங்களுக்காக ஓடுறதில்லையே" என்றார் மெனேஜர். திங்கட்கிழமை நான் திரும்பவும் நுகேகொடையில், நிற்கிற பஸ்ஸுக்குள் இருந்தேன். அந்த மாதம் முழுக்க முயன்று பார்த்தேன். ஒரு காலை, கொன்டக்டர் "தவ டிகாய்" என்றதும், எழும்பி இறங்கி, வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கத்தில் கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கடுத்த நாள் போய் விலகல் கடிதம் கொடுத்தேன்.

போகிறவர்களிடம் காரணம் கேட்டு எழுதவேண்டும் என்பது அவர்கள் முறை. மெனேஜர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"போக்குவரத்து" என்றேன்.

"அப்படியா? முதலே எங்களிட்ட சொல்லியிருக்கலாமே."

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவிருக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு எழும்பி வந்தேன்.

போகுமுன் ஒரு வேலை மட்டும் செய்தேன். கொலர் பிரிவுக்குப் போய் அந்த அக்கேயைக் கூப்பிட்டு, என் இடம் காலியாகப் போகிறது, மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நன்றாகச் செய்தாளாம். முடிவு வந்தபோது அக்கே எனக்குக் கோல் எடுத்தாள்.

"தாயும் மகளும் ஒரே கொம்பனியில இருக்க ஏலாதாம் மிஸ். சட்டமாம்."

"அவ ஒபிஸ், நீங்க ஃபக்டரி. என்ன பிரச்சினை?"

"நானும் கேட்டேன். சட்டம் எண்டாங்க. அப்ப நான் விலகிறேன், அவளை எடுங்க எண்டு சொல்ல வெளிக்கிட்டேன். மகள் விடல. உங்க வேலைய எடுத்து எனக்கு வேலையா எண்டு ஏசினாள்."

என் இடத்துக்கு யாரை எடுத்தார்கள் என்று கேட்டேன். வத்தளையிலிருந்து ஒரு பையனாம். அவன் மூன்று மாதம்கூட நிற்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது நான் பம்பலப்பிட்டியில், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கின ஒரு சின்ன ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். என்னைவிட அனுபவம் குறைந்த ஒரு தம்பி எனக்கு மேலே இருக்கிறார். நான் செய்த வேலையில் பாதியைத்தான் இங்கே செய்ய விடுகிறார்கள். கணவர் "இப்ப நிம்மதிதானே" என்று கேட்கிறார். ஓம் என்கிறேன். கால் நோவு இல்லை என்பது உண்மை.

அக்கேயின் மகளைச் சில காலைகளில் காலி வீதியில் சந்திக்கிறேன். நான் பஸ் ஏற வரும் நேரத்தில் அவள் இறங்குவாள். முந்தாநாள் மழை. சப்பாத்தெல்லாம் நனைந்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துச் சிவந்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"ஹைலெவல் ரோட் முழுக்க பிளொக் ஆன்டி. இண்டைக்கும் லேட்" என்றாள் சிங்களத்தில்.

"வேற இடம் பாக்கலையா?"

"பாக்கிறேன். ஒண்டெண்டா கொழும்புக் கோட்டையில, இல்லாட்டி அவிசாவளைக்கு அந்தப் பக்கம். வீட்டுப் பக்கம் மஹரகமவில ஒண்டும் இல்ல, நுகேகொடையில கடை வேலைதான்."

அம்மா சுகமா என்று கேட்டேன். சுகம், இன்றைக்கு ஓவர்டைம் என்றாள். மேலே கேட்க வாயெடுத்தேன், என் பஸ் வந்துவிட்டது. நல்ல பஸ், உடனே எடுக்கிற பஸ். ஏறி இருந்து திரும்பிப் பார்த்தபோது, தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டி அவள் ஓடிக்கொண்டிருந்தாள். பம்பலப்பிட்டியில் இறங்கும் வரைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.